உப்புக்காற்றில் வாழும் பழைய பிக்கப்: மணல் வழிக்கும் அன்றாடச் சாலைக்கும் தயார் செய்யும் முறை

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் வேலைக்குப் போய் வரவும், விடுமுறை நாளில் பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கத்து மணல் தடங்களிலும் ஏரிக்கரை மண் வழிகளிலும் இறங்கி ஏறவும் ஒரே வண்டி வேண்டும் என்பவருக்குச் சில ஆண்டுகள் ஓடிய பிக்கப் நல்ல தேர்வுதான். சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகி 2016-இல் விற்பனைக்கு வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டாடா ஜெனான், மஹிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்அவே, பொலிரோ கேம்பர் என எதை எடுத்தாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான்: ஏணி வடிவச் சேசிஸ், பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள், சுமை ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட பின்தொட்டி. இந்த அமைப்பு உழைப்புக்கு அஞ்சாதது. ஆனால் அதை எப்படி மாற்றினால் நம் ஊருக்குப் பொருந்தும் என்பதில்தான் பலர் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

வீடியோக்களில் பார்க்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை பாறை வழிக்கும் பாலைவனத்துக்கும் உருவானவை. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ இரவெல்லாம் தெருவில் நிற்கும் வண்டிக்கு முதல் எதிரி உப்பு, இரண்டாவது தேங்கிய வெள்ளம், மூன்றாவதுதான் மணலும் சேறும். செலவையும் இந்த வரிசையிலேயே திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயரத்தைக் கூட்டுவதும் விளக்கு வரிசை மாட்டுவதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். திங்கட்கிழமை காலையில் வண்டி வேலைக்குக் கிளம்புமா என்பதை முடிவு செய்வதோ கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகம்.

ஆகவே முதல் வேலை, வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஒரு டார்ச்சும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு சேசிஸுக்கு அடியில் நிற்பது. முன்சக்கரத்திலிருந்து பின்புறம் வரை ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளிருந்து துரு தின்ற இடத்தில் ஒலி மந்தமாக அடங்கிவிடும், தட்டிய இடத்திலிருந்து துருப் பொருக்குகள் முகத்தில் உதிரும். லீஃப் ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் ஷாக்கிள் சேசிஸோடு சேரும் இடம், கேபினைச் சேசிஸில் தாங்கும் பாடி மவுண்ட் ரப்பர்கள் அமர்ந்திருக்கும் தட்டு, பின்தொட்டியின் போல்ட்டுகளைச் சுற்றியுள்ள பகுதி, ஸ்டெப்னியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஆகிய நான்கையும் தனித்தனியே நின்று பார்க்க வேண்டும். மேலோட்டமான செந்நிறத் துரு கவலைக்குரியதல்ல. ஸ்குரூடிரைவர் முனை உள்ளே இறங்கும் அளவுக்கு இரும்பு மெலிந்திருந்தால் அந்த வண்டியில் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

இரண்டாம் கையாக வாங்குபவர் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்: இந்த வண்டி இதற்கு முன் மீன் ஏற்றியதா? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பெட்டி பெட்டியாக மீன் ஏற்றிய வண்டியில், உருகிய ஐஸ் நீர் உப்போடு கலந்து தொட்டியின் மடிப்புகள் வழியே இறங்கிச் சேசிஸின் பின்பகுதியிலேயே சொட்டிக்கொண்டிருந்திருக்கும். வெளியே பட்டி பார்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தாலும், தொட்டியின் அடித்தகட்டுக்கும் சேசிஸுக்கும் இடைப்பட்ட சந்தில் விரலை விட்டுத் தடவினால் உண்மை தெரிந்துவிடும். விற்பவர் வருத்தப்படுவார் என்று தயங்க வேண்டாம்.

சேசிஸ் நன்றாக இருந்தால் அதை அப்படியே காப்பாற்றுவது அடுத்த வேலை. நம் பக்கத்தில் பலரும் செய்வது, துருவின் மேலேயே கறுப்பு ரப்பர் கோட்டிங்கைக் கனமாக அடித்துவிடுவது. இது துருவை மறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. காலப்போக்கில் கோட்டிங் எங்காவது வெடிக்கும், அந்த வெடிப்பின் வழியே உப்பு நீர் உள்ளே போகும், போனது வெளியேற வழியின்றி இரும்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். சரியான முறைக்குப் பொறுமை தேவை. நல்ல தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சி அடிப்பாகம் முழுவதையும் கழுவி, ஓரிரு நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் பொருக்கை நீக்கி, துரு மாற்றி திரவத்தைப் பூசி, அது கறுத்து இறுகிய பிறகு எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். சேசிஸின் பெட்டிக் குழாய்க்கு உள்ளே, அதில் ஏற்கெனவே இருக்கும் துளைகளின் வழியாக நீளமான நாசிலை விட்டு மெழுகுவகைத் தற்காப்புத் திரவத்தைப் பீய்ச்ச வேண்டும். மெழுகு இறுகிப்போகாமல் சற்றே நெகிழ்வாக இருப்பதால் சிறு கீறல்களைத் தானே மூடிக்கொள்ளும். கீழ்ப்புறத்து வடிகால் துளைகளை எந்தக் கோட்டிங்காலும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேசிஸ் ஓரமாக ஓடும் பிரேக் குழாய்களையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். இவை கிளிப்பில் மாட்டியிருக்கும் இடத்தில்தான் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். கிளிப்பைக் கழற்றாமல் பார்த்தால் தெரியாது. கழற்றும்போது குழாயின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால், அந்த நீளத்தைச் செம்பு-நிக்கல் கலவைக் குழாயால் மாற்றிவிடுங்கள். செலவு பெரிதல்ல, தவிர்க்கும் ஆபத்து பெரிது.

இனி வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மணலி, எண்ணூர்ப் பகுதிகளில் தண்ணீர் எப்படி நின்றது என்பதை நினைவில் வைத்துதான் நாம் வண்டியைத் தயார் செய்ய வேண்டும். இந்த இடத்தில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது, அச்சின் நடுவே உள்ள கியர் கூடான டிஃபரன்ஷியலின் பிரீதரை, அதாவது அதன் உள்காற்று போய்வரும் சிறு துளையை, உயர்த்துவது. ஓடிச் சூடான அந்தக் கூடு திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, பிரீதர் வழியாகவோ சீல்களின் விளிம்பு வழியாகவோ தண்ணீர் உறிஞ்சப்படும். பிரீதரின் சிறு மூடியைக் கழற்றிவிட்டு எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை மாட்டி, பின்புறக் குழாயை டெயில் லேம்ப்பின் பின்னாலும், முன்புற டிஃபரன்ஷியலின் குழாயை என்ஜின் அறையின் மேற்பகுதிக்கும் கொண்டுபோய்க் கட்டினால் இந்தத் தொல்லை நீங்கும். இழுவையை முன்பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் கியர் பாக்ஸுக்கும் பிரீதர் எங்கே முடிகிறது என்பதை மெக்கானிக்கிடம் கேட்டு அவற்றையும் அதே உயரத்துக்கு ஏற்றிவிடுவது நல்லது.

என்ஜினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாயான ஸ்னார்க்கலை மாட்டலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். அதற்கு ஃபெண்டரில் துளையிட வேண்டியிருக்கும்; துளையிட்ட விளிம்பு உப்புக்காற்றுக்குத் திறந்த வாசலாகிவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் வால்வையும் எல்லா இணைப்புகளையும் காற்றுப் புகாமல் அடைக்காவிட்டால், மேலே எவ்வளவு உயரத்தில் குழாய் நின்றாலும் தண்ணீர் கீழே இருந்தே உள்ளே வந்துவிடும். அன்றாட ஓட்டத்துக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. அதற்குப் பதிலாக ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்: சக்கரத்தின் நடுக்குமிழுக்கு மேல் நிற்கும் தண்ணீரில் இறங்குவதில்லை. 245/70 ஆர்16 டயரில் அந்த உயரம் ஏறக்குறைய 37 சென்டிமீட்டர். தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்துக்கொண்டு போய்த் திறந்து பார்ப்பதே வழி. வெள்ளத்தில் போய் வந்த பிறகு கிரவுன் ஆயிலை, அதாவது டிஃபரன்ஷியல் எண்ணெயை, சிறிது வடித்து விரலில் எடுத்துப் பாருங்கள். தேன் நிறத்தில் வழிந்தால் நல்லது; பால் கலந்த காபியைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே முழுவதையும் மாற்ற வேண்டும். 2023 வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் நடந்ததுபோல எண்ணெய் கலந்த தண்ணீராக இருந்தால், அச்சு இணைப்புகளை மூடும் ரப்பர் உறைகளையும் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களையும் சோப்பு நீரால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும்.

வயரிங்கிலும் உப்பின் வேலை தெரியும். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் கேபிள்களைக் கழற்றி, தொடும் பரப்பை உப்புத்தாளால் பளிச்செனத் தேய்த்து, திரும்ப இறுக்கியபின் கிரீஸ் தடவுங்கள். காரணம் புரியாமல் மங்கும் விளக்கும் சோர்ந்து சுழலும் ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். பழைய வண்டியின் ஹெட்லைட் மங்கலாக இருந்தால் பல்பை மாற்றும் முன், பேட்டரியிலிருந்து நேராக ரிலே வைத்துத் தடித்த வயர் இழுத்துப் பாருங்கள். அதே பழைய ஹாலஜன் பல்பு வேறு பல்பு போலத் தெரியும்.

டயர் விஷயத்தில் நிதானம் தேவை. தார்ச் சாலைக்கும் மண் வழிக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்தான் இரட்டை வாழ்க்கைக்கு உகந்தது. சேற்றுக்கென்றே ஆழமான பட்டன்களோடு வரும் மட் டெரெய்ன் டயர் அங்கே அருமையாக இழுக்கும், ஆனால் மழையில் நனைந்த தார்ச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், இரைச்சலும் அதிகம், சீக்கிரம் தேயும். வாரத்தில் ஆறு நாள் மாநகரச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. அளவைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 245/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 749 மில்லிமீட்டர். 245/75 ஆர்16 சுமார் 774. வித்தியாசம் 25 மில்லிமீட்டர் என்றாலும் தரை இடைவெளியில் கிடைப்பது அதில் பாதி, அதாவது 12 மில்லிமீட்டர்தான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 103 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், கியரின் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். இதற்கு மேல் பெரிய டயர் போட்டால் வளைவில் ஃபெண்டர் லைனரில் உரசும். கிளட்ச்சும் பிரேக்கும் அந்தச் சுமையைத் தினமும் தாங்க வேண்டியிருக்கும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணைப் படியுங்கள்: 2323 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். சுமை தாங்கும் குறியீடு கம்பெனி டயரின் குறியீட்டைவிடக் குறையவே கூடாது.

மணலில் எந்தப் பாகத்தையும்விட அதிகம் உதவுவது காற்றைக் குறைப்பதுதான். சாலையில் 32 அல்லது 35 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரை மணல் தொடங்கும் இடத்தில் 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால், டயர் நீளவாட்டில் படர்ந்து, தரையைத் தொடும் பரப்பு கூடி, வண்டி மணலைத் தோண்டாமல் அதன் மேல் மிதந்து போகும். 15-க்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. ஆகவே காற்றளவுக் கருவியும், பேட்டரியில் நேரடியாகக் கவ்வி மாட்டும் நல்ல கம்ப்ரஸரும் மணலுக்கென வாங்கும் பொருட்களில் முதலிடத்தில் இருக்க வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறியவை இவ்வளவு பெரிய டயர்களை நிரப்புவதற்குள் சூடாகி நின்றுவிடும். காற்றை மறுபடி ஏற்றாமல் தார்ச் சாலையில் வேகமாக ஓட்டுவது டயரை உள்ளிருந்தே கிழித்துவிடும் என்பதால், பஞ்சர் கடை வரும்வரை போகலாம் என்று நினைக்காதீர்கள்.

பழவேற்காட்டைச் சுற்றி இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஏரியின் விளிம்பில் உப்புப் பூத்துக் காய்ந்து வெடித்ததுபோலத் தெரியும் தரை, மேலே ஓடு போல இறுகி, அடியில் உளையாக இருக்கும். ஆள் நடந்தால் தாங்கும், இரண்டு டன் வண்டி அச்சு வரை புதைந்துவிடும். மாட்டு வண்டியோ டிராக்டரோ போன தடம் இல்லாத இடத்தில் இறங்காதீர்கள், அங்குள்ள மீனவர்களிடம் கேட்காமல் எந்தப் புதுத் தடத்தையும் முயலாதீர்கள். இன்னொன்று, ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடும். கடலோர மணற்பரப்பில் வண்டி ஏற்றினால் அந்தக் குழிகள் நசுங்கிப் போகும். பறவைகள் சரணாலயப் பகுதியும் அப்படியே விட்டுவைக்கப்பட வேண்டிய இடம். ஊர்களுக்குப் போகும் மணல் பாதைகளே நம் வண்டிக்கும் ஆசைக்கும் தாராளமாகப் போதும்.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். பின்தொட்டி காலியாக இருக்கும்போது பிக்கப் ஏன் துள்ளுகிறது என்றால், அந்தப் பட்டைகள் சுமையை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. "அண்ணே, இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துட்டா வண்டி நல்லா நிமிர்ந்துடும்" என்று பட்டறையில் சொல்வார்கள். நிமிரும், ஆனால் மணலி சாலைப் பள்ளங்களில் முதுகெலும்பு தாங்காது, சக்கரமும் தரையை விட்டுத் துள்ளிப் பிடிமானத்தை இழக்கும். முதலில் தேய்ந்த ஷாக்கிள் புஷ்களை மாற்றுங்கள், பட்டைகளைப் பிரித்துத் துருவை நீக்கிக் கிரீஸ் தடவிக் கட்டுங்கள், கசியும் ஷாக் அப்சார்பர்களை நல்ல தரத்தில் வாங்கி மாட்டுங்கள். வண்டியின் குணமே மாறிவிடுவதை அன்றைக்கே உணர்வீர்கள். அதற்குப் பிறகும் உயரம் வேண்டுமென்றால் 40 முதல் 50 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முன்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் நான்கு சக்கர இழுவை வண்டியில் அதற்கு மேல் ஏற்றினால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூர்மையாகி, அதன் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழியும். கிழிந்த உறைக்குள் மணல் புகுந்தால் ஜாயின்ட்டின் ஆயுள் முடிந்தது. உயர்த்திய பிறகு வீல் அலைன்மெண்ட், ஹெட்லைட்டின் கோணம் இரண்டையும் சரிசெய்யாமல் சாலையில் இறங்கக் கூடாது.

நான்கு சக்கர இழுவை உள்ளவர்கள் அதை மாதம் ஒரு முறையாவது மண் தரையில் போட்டுச் சற்று தூரம் ஓட்டினால்தான் உள்ளே எண்ணெய் பரவி, இணைப்பு உறைந்து போகாமல் இருக்கும். காய்ந்த தார்ச் சாலையில் மட்டும் போடக் கூடாது. முன்பின் அச்சுகளுக்கு இடையே வேக வேறுபாட்டை ஏற்கும் வழி இல்லாததால் கியர்கள் முறுக்கேறி இறுகிவிடும். பின்சக்கர இழுவை மட்டும் உள்ளவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நல்ல டயர், குறைந்த காற்று, தொட்டியில் பின் அச்சுக்கு நேர்மேலே கட்டிவைத்த இரண்டு மணல் மூட்டை ஆகியவை நம் பக்கத்துத் தடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

மாட்டிக்கொண்டால் மீட்பதற்கு ஒரு மண்வெட்டி, சக்கரத்தின் அடியில் கொடுக்க ஒரு ஜோடி மணல் பலகை, நீளும் தன்மையுள்ள நைலான் மீட்புக் கயிறு, கயிற்றைக் கொக்கியோடு இணைக்க 4.75 டன் குறியிட்ட இரண்டு ஷாக்கிள் வளையங்கள் ஆகியவற்றை வைத்திருங்கள். துறைமுகப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய படகுக் கயிற்றையோ இரும்பு ரோப்பையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். உப்பிலும் வெயிலிலும் நைந்தவை இழுவையில் அறுந்து தெறித்தால் ஆளைக் கொல்லும். கம்பெனி கொடுத்திருக்கும் சிறு கொக்கிகள் பல வண்டிகளில் கப்பலிலும் லாரியிலும் கட்டி அனுப்புவதற்கானவை. சேசிஸில் நேராகப் போல்ட் செய்த மீட்புக் கொக்கிதான் இழுவைக்குரியது.

சட்டத்தைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முன் பம்பரில் மாட்டும் இரும்பு புல் பார்களுக்கு எதிராக மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிகளுக்கு ஆபத்தானவை என்பதோடு ஏர்பேக் சென்சாரின் வேலையையும் கெடுப்பவை. ஆகவே இயல்பான அளவை ஒட்டிய டயர், தரமான ஷாக் அப்சார்பர், அடிப்பாகப் பாதுகாப்பு ஆகியவற்றோடு நின்று, பெரிய மாற்றம் எதுவானாலும் ஆர்டிஓவிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் பயன்பாட்டு ஆர்சி 15 ஆண்டு முடிந்து புதுப்பிக்க வரும் வண்டியானால், அந்த ஆய்வு முடிந்த பிறகு திட்டமிடுவது மேல்.

பின்தொட்டிக்கு உள்ளே செருகும் பிளாஸ்டிக் லைனரை நான் விரும்புவதில்லை. அதன் அடியில் மணலும் உப்பு நீரும் தங்கித் தொட்டியையே அரிக்கும். நேரடியாகத் தெளித்து ஒட்டவைக்கும் பூச்சு மேல். ஏர் ஃபில்டரைப் புழுதியும் சாம்பலும் பறக்கும் நம் சாலைகளில் கம்பெனி சொன்ன இடைவெளிக்கு முன்பே திறந்து பாருங்கள். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை மழைக்காலத்தில் அடிக்கடி வடித்துவிடுங்கள்.

வேலைகள் முடிந்தபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளையும், 500 கிலோமீட்டருக்குள் பட்டையைக் கட்டிய யூ-போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி இறுக்க வேண்டும். புதிய புஷ்களும் பட்டைகளும் அமர்ந்த பிறகு அலைன்மெண்டை இன்னொரு முறை பாருங்கள். மணலுக்கோ வெள்ளத்துக்கோ போய் வந்த ஒவ்வொரு முறையும், வீட்டுக்கு வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி, பிரேக் காயும் வரை நாலைந்து முறை மெல்ல மிதித்து ஓட்டியபின் வண்டியை நிறுத்துங்கள்.